ஜெயபாலனும் ஸ்டார்ட் ஆகாத செயின்சாவும்

காஹாங் பக்கத்தில் காற்றுக்கு மரம் விழுந்தால் எல்லாரும் ஜெயபாலனுக்குத்தான் போன் போடுவார்கள். தோட்டத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட காலத்தில், பத்தொன்பது வயதில் செயின்சா பிடித்தவர். இப்போது அறுபத்தொன்று. பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தொழிலில் அதற்கு மேல் சான்றிதழ் வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை மரம் விழுந்தது அவர் வீட்டு வாசலிலேயே. ராத்திரி மழைக்குச் சாய்ந்த ரம்புத்தான் மரம், வெளியே போகும் ஒரே பாதையை அடைத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் கார். காருக்குள் மனைவி புஷ்பவள்ளி, மடியில் போர்வைப் பையோடு. பத்து மணிக்கு அவளுக்குக் குளுவாங்கில் டயாலிசிஸ். மூன்று வருடமாக ஒரு தடவைகூடத் தவறவில்லை. சனிக்கிழமை விட்டால் செவ்வாய் வரை உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். மணி எட்டேகால் ஆகிவிட்டது.

கயிற்றை இழுத்தார். இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். அந்த இருமலும் போயிற்று.

"என்னங்க, அதுக்குத் தாலாட்டா பாடறீங்க?" ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"சும்மா இரு லா. பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானுங்க."

கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தார். அடியில் தண்ணீர் தங்கவில்லை. பிளக்கைக் கழற்றினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துடைத்துவிட்டு, ஓட்டை திறந்திருக்கவே ஏழெட்டுத் தடவை இழுத்து, தேங்கிய பெட்ரோலை வெளியேற்றினார். பிளக்கை ஒயரில் செருகி, இன்ஜின் இரும்பில் தொட வைத்து இழுத்தால் நீலப் பொறி அடித்தது. பொறி சரி. திரும்ப மாட்டி இழுத்தார். அதே இருமல். மணி எட்டு நாற்பது.

புஷ்பவள்ளி இறங்கி வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"பெட்ரோல் வருது, பொறி அடிக்குது. காத்து வருதா? எனக்கு மூச்சு முட்டுனா நர்ஸ் முதல்ல காத்தைத்தான் பாப்பாங்க. இதுக்கு மூக்கு எங்க இருக்கு?"

மேல் மூடியைத் திறந்தவர், "அலமாக்!" என்றார்.

காற்று வடிகட்டி முழுக்க வெள்ளைக் களி. விரலால் தேய்த்து முகர்ந்தார். விபூதி! புதன்கிழமை ஆயுத பூஜைக்குச் செயின்சாவைக் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் பட்டையாக மூன்று கோடு போட்டிருந்தது. கோடு போட்ட இடத்தில்தான் காற்றுத் துவாரங்கள். இழுத்த இழுப்பில் அத்தனையும் உள்ளே போய் அப்பிக்கொண்டது.

"யாரு இப்படிப் பூசினது?" என்று சத்தம் போட்டார்.

"மெஷினை யாரும் தொடாதீங்க, நானே பூஜை போடறேன்னு சொன்னவரைக் கேளுங்க. நான் சந்தனம் குழைச்சுக் கொடுத்ததோட சரி."

அவர் வடிகட்டியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழிச்சது போதும். கொடுங்க இங்க. அடுத்த வருஷம் கைப்பிடியில ஒரு பொட்டு வெச்சா சாமி வேணாம்னா சொல்லப் போகுது?"

பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக அவளே வடிகட்டியைத் தேய்த்தாள். உள்ளே போய் ஹேர் டிரையரில் காய வைத்துக் கொண்டுவந்தாள். அதற்குள் அவர் பிளக்கை மறுபடி உலர்த்தி, மூடிக்குள் ஒட்டியிருந்ததைச் சுரண்டிவிட்டிருந்தார். எல்லாவற்றையும் மாட்டி இழுத்தார். மூன்றாம் இழுப்பில் செயின்சா பிடித்துக்கொண்டு அலறியது. அவள் காரில் போய் உட்கார்ந்தாள்.

நான்கு இடத்தில் அறுத்து, துண்டுகளை வாய்க்கால் ஓரம் உருட்டினார். ஒன்பதரைக்குக் கார் கிளம்பியது.

குளுவாங்கில் பத்து நிமிடம் தாமதம். நர்ஸ் பிரேமலா அவர் தலையில் இருந்த மரத்தூளைப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், பெண்டாட்டியை மரம் வெட்டியா கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா. அவதான் ரிப்பேர்காரி."

ஊசி ஏறியது. மெஷின் ஓடத் தொடங்கியது. புஷ்பவள்ளி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இனி நாலு மணி நேரம் அவருக்கு வேலையில்லை. கீழே மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் இரண்டு சொன்னார், முட்டை போட்டு.