ஐஸ் பெட்டியில் பிடித்த வஞ்சிரம்

இன்று ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறியதும், பக்கத்து சீட்டு ஆசாமி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். படத்தில் அவர் கையில் பெரிய வஞ்சிரம்.

“ஒரு மணி நேரம் சண்ட போட்டு இழுத்தேன் சார். போட்ல ஏத்துன ஒடனே எடுத்த போட்டோ.”

மீன் விறைத்து, வால் மேலே வளைந்திருந்தது.

“அப்பதான் புடிச்ச மீனு துவண்டு தொங்கும் சார். இது எந்தக் கடை ஐஸ் பெட்டில மடங்கிக் கெடந்துச்சு?” என்று கேட்டேன்.

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

நாற்பது வருடமாகக் கடலில் தூண்டில் போடுகிறேன். இன்றும் என் நெஞ்சைப் படபடக்க வைப்பது, விரலைக் கிழித்து தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிய மீன்கள்தான். அவை எந்தக் கடையிலும் கிடைக்காது.

உங்களிடம் தப்பிய மீனைப் பற்றிக் கீழே எழுதுங்கள். போட்டோ கேட்க மாட்டேன்.