ஒரே கண்ணியில் இரண்டு முறை

பட்டறையில் எங்கள் அண்ணிக்கு வைத்திருக்கும் பெயர் மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் கிடைக்கும் துண்டுக்கு அந்தப் பெயராம். அண்ணி லேத் என்ற கடைசல் மிஷினில் கடைந்து கொடுக்கும் உருளையில் அந்தத் துண்டளவுகூடக் குறை கண்டுபிடிக்க முடியாது என்பதால் வந்த பட்டம். வீட்டில் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் காரணம் வேறு. டீயில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடிவிட்டாலும் போட்டவர் தப்ப முடியாது.

பதினெட்டு வயதில் அந்தப் பட்டறைக்கு, கடைசலில் உதிரும் இரும்புச் சுருள் பெருக்கப் போனவர் அண்ணி. லேத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெருக்குகிற சாக்கில் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார். அவசர வேலை வந்த ஒருநாள் லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் லீவு போட்டுவிட, எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்களாம். அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் ஓட்டறேன்" என்றிருக்கிறார். சிரித்தவர்களெல்லாம் மதியத்துக்குள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தத் துடைப்பத்தை அதற்குப் பிறகு அவர் தொடவேயில்லை. அங்கே லேத் ஓட்டும் ஒரே பெண் இன்றைக்கும் அவர்தான்.

நான் அவருடைய நாத்தனார். நாத்தனார் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ, அதில் ஒரு குறையும் வைக்காமல் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது குரோஷா. ஒரு கொக்கி ஊசியும் உல்லன் நூலும் வைத்துக்கொண்டு குழந்தைத் தொப்பி, மேசை விரிப்பு, பை என்று பன்னிரண்டு வருடமாகப் பின்னி விற்கிறேன். ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளி, நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அண்ணியிடம் கேட்டார். "அவ தொழில்னு ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்து பின்னிட்டிருப்பா" என்றார் அண்ணி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரும்பு சூடாகாத வேலை எதையும் அவர் வேலையாக நினைத்ததில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அது சுருக்கென்று தைத்தது. ஏழு வருடம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இத்தனை வருடத்தில் லேத் அவர் கையில் ஒரு கீறல் போட்டதில்லை. கடைசியில் காலை வாரியது எங்கள் வீட்டுப் படிக்கட்டு. ஈரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. ஒரு பட்டாணியை எடுக்கச் சொன்னால்கூட நழுவிவிடும்.

பட்டறை ஃபோர்மேன் நேரில் வந்தார். நல்ல மனிதர்தான், சொன்ன விஷயம்தான் நல்லதில்லை. "ஆறு வாரம் டைம் தர்றேன்மா. மூணு நிமிஷத்துல இருபது சின்ன நட்டு, வலது கையால போல்ட்டுல மாட்டணும். முடியலைன்னா கேட்ல உக்காந்து வர்ற வண்டி நம்பர் எழுதற வேலை. லேத்துக்கு அனுப்ப முடியாது, ஆபத்து." அவர் போன பிறகு அண்ணி கையை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அண்ணி இரண்டு நாள் அமுக்கினார், மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நான் என் ஊசியையும் ஒரு சாம்பல்நிற நூல்கண்டையும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"இதுவா?" என்றார்.

"இதேதான். சும்மா உக்காந்து பின்னுங்க, அண்ணி."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஊசியை எடுத்தார்.

முதல் வாரம் வெறும் சங்கிலிதான், கண்ணி எனும் நூல் வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவது. அதிலேயே என் பொறுமை போய்விட்டது. அண்ணி ஒவ்வொரு கண்ணியையும் போல்ட்டை முடுக்குகிற மாதிரி முடுக்கினார். இழுத்து இறுக்கினால்தான் அவருக்கு வேலை முடிந்ததாக அர்த்தம். அடுத்த சுற்றுக்கு ஊசி உள்ளே போகுமா? போகாது. "தளர விடுங்க அண்ணி, இது கழண்டு ஓடாது" என்று தொண்டை வற்றக் கத்தினேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் வாசம் மூக்கைத் துளைத்தது. நூலில் மிஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்!

"உராயுது, எண்ணெய் விட்டேன். அதுல என்ன தப்பு?" என்று என்னையே கேட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்த நூல்கண்டு குப்பைக்குப் போனது, எண்ணெய் பட்ட என் விரிப்பு ஒன்றும் கூடவே போனது. அதோடு இறுக்குவதை விட்டார்.

இரண்டாம் வாரம் வட்டம். நடுவில் ஆறு கண்ணி போட்டுக் கொடுத்தேன். அண்ணி கண்ணிக்கு ஒன்றாக, சுற்றுமேல் சுற்றாகப் பின்னிக்கொண்டே போனார். வட்டம் விரியவில்லை, குழாய் மாதிரி மேலே எழும்பியது.

"இது விரலுக்குத் தொப்பியா?" என்றார்.

"கண்ணி கூட்டணும் அண்ணி. ஒரே கண்ணிக்குள்ள ரெண்டு தடவை போய் வரணும். அப்ப ஒண்ணு ரெண்டாகும்."

செய்து காட்டினேன். ஊசியை உள்ளே விட்டு, நூலைக் கோத்து இழுத்து, மறுபடி கோத்து இரண்டு வளையத்தையும் கடத்தினால் ஒரு பின்னல். பிறகு நகராமல், அதே கண்ணிக்குள் மறுபடியும். கேட்க எளிதுதான். ஆனால் ஏற்கெனவே ஒரு பின்னல் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஊசியை இரண்டாவது முறை நுழைக்க, பின்னலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கெட்டியாகப் பிடித்தாக வேண்டும். அண்ணியின் கையிலோ அந்த இரண்டும்தான் சண்டை போட்டுக்கொண்டு நின்றன. ஊசியை இடது கைக்கு மாற்று, பின்னலை வலது கையில் பிடி என்று வேண்டுமென்றே சொல்லியிருந்தேன்.

அன்று காலை முழுக்க அந்த ஒரு கண்ணிதான். பிடி நழுவும், ஊசி பக்கத்துக் கண்ணிக்குள் போய்விடும், பிரிப்பார், மறுபடி ஆரம்பிப்பார். நெற்றியில் வியர்வை. "கொஞ்சம் ஓய்வெடுங்க" என்றதற்கு, "நீ போய் உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தார். போகிற மாதிரி போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"வா, வந்து பாரு!"

ஒரே கண்ணியிலிருந்து இரண்டு பின்னல் கால் விரித்து நின்றன. கோணல்தான். ஆனால் எண்ணிப் பார்த்தேன், சரியாக இரண்டு. அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. "அண்ணி, விரலைப் பாருங்க" என்றேன். பார்த்தார். உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆறு பன்னிரண்டாகி, பன்னிரண்டு பதினெட்டாகி, சுற்றுக்கு ஆறாகக் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் என்னை நிறுத்தி, "ஏன் ஆறு? ஏன் அஞ்சு இல்ல, எட்டு இல்ல?" என்றார். நானோ பன்னிரண்டு வருடமாக ஆறு கூட்டுகிறவள், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அண்ணி சாக்பீஸால் தரையில் வட்டத்துக்கு வெளியே வட்டம் போட்டார். "ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பின்னல் அகலம் வெளிய தள்ளிப் போறோம். அப்ப சுத்தளவு ஆறே கால் பின்னல் கூடும். அந்தக் கால்வாசிய உல்லன் இழுத்துக்குது. அதான் ஆறு." வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கேலி செய்தால் செய்யட்டும் என்று வெட்கத்தை விட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றும் கேட்டேன்.

ஐந்தாம் வாரம் அவர் முடித்துக் கொடுத்த வட்டத்துக்கு ஆறு மூலை இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு நேராகவே கண்ணி கூட்டியிருக்கிறார், இம்மி பிசகாமல். இடத்தை மாற்றி மாற்றிக் கூட்ட வேண்டும் என்று நான் சொல்ல மறந்திருந்தேன்.

"வட்டம் கேட்டா நட்டு குடுத்திருக்கீங்களே!"

அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிரிக்கிறேன் என்றேன். தரமாட்டேன் என்று பையில் வைத்துக்கொண்டார்.

சோதனை நாளன்று துணைக்கு நானும் போனேன். பட்டறையில் மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்து, "ம்" என்றார். நான்கு நட்டு மளமளவென்று ஏறின. ஐந்தாவது கைநழுவி மேசையில் தட்டையாகப் படுத்துக்கொண்டது. வழவழப்பான தகட்டில் படுத்திருக்கும் நட்டை எடுப்பது நல்ல கைக்கே சிரமம். அண்ணி அவசரப்படவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்ல இறக்கி, அந்த மதியம் ஒற்றைக் கண்ணியைப் பிடித்த அதே பிடியில் பிடித்து எடுத்தார். இருபதாவது நட்டு ஏறியபோது பதினோரு விநாடி மிச்சம்.

"இன்னொரு தடவை செய்ம்மா" என்றார் ஃபோர்மேன். செய்தார். இந்த முறை இருபது விநாடி மிச்சம். யாரோ விசிலடித்தார்கள். ஃபோர்மேன் லேத் சாவியை எடுத்து அவர் வலது கையில் வைத்தார்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். கடைசி வரியில் கைப்பயிற்சி அளித்தவர் யார், அவர் தொழில் என்ன என்று கேட்டிருந்தது. மருத்துவமனைப் பெண்ணைத்தான் எழுதுவார் என்று நினைத்தேன். அண்ணி பேனாவை வலது கையில் பிடித்து என் பெயரை எழுதினார். பக்கத்தில் 'நாத்தனார்' என்று சேர்த்தார். தொழில் என்ற இடத்தில் நிதானமாக 'குரோஷா' என்று எழுதினார்.

"இதெல்லாம் ஒரு தொழிலாம்மா?" என்றார் ஃபோர்மேன்.

அண்ணி பையிலிருந்து அந்த ஆறு மூலை நட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, ஊசியையும் நீட்டினார். "ஒரே கண்ணியில ரெண்டு தடவை போய் வாங்க பாப்போம்."

அவர் ஊசியை வாங்கிப் பார்த்தார். எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. நான்தான் போய்ச் சரியாகப் பிடித்துக் கொடுத்தேன்.