காலால் பிறந்தவளின் கால்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டு ராகவன் சார் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு பாதி வளைந்து நிற்கிறார். தண்ணீர் கேனைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

"யாழினி இருக்காளாம்மா? ஒரு உதை விடச் சொல்லுங்களேன்..."

சிரிக்காதீர்கள். என் மகள் யாழினி காலால் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் உதைத்தால் பிடிப்பு, சுளுக்கு எல்லாம் போய்விடும் என்பது சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவின் மருத்துவ அறிவு. ராகவன் சார் ரிட்டயர்டு இன்ஜினீயர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்த கதை தெருவுக்குப் பாதிதான் தெரியும். கால் வந்தது, உடம்பு வந்தது... தலை மாட்டிக்கொண்டது. வெளியே வந்தும் அழவில்லை. நர்ஸ் உள்ளங்காலில் தட்டித் தட்டித்தான் அழ வைத்தார். அந்த நேரத்து அமைதி இன்னும் எனக்குக் கேட்கிறது. பிறகு, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்று மாதக்கணக்கில் பெல்ட். வருஷா வருஷம் எக்ஸ்ரே.

"மூட்டு நல்லா செட் ஆயிடுச்சும்மா. ஓடட்டும், விளையாடட்டும்" என்பார் தாம்பரம் டாக்டர், ஒவ்வொரு தடவையும். தலையாட்டிவிட்டு வருவேன். ஓட விடமாட்டேன்.

ராகவன் சாரும் விடமாட்டார். அவள் சைக்கிளைத் தொட்டாலே பால்கனியிலிருந்து குரல் வரும். "பார்த்தும்மா... பிறவியிலேயே வீக்கான இடுப்பு!"

இப்போது ஸ்கூல் கோ-கோ டீமில் அவளை எடுத்திருக்கிறார்கள். நான் முடியவே முடியாது என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மேடம் என்னோடு பேசுவதில்லை.

சார் எங்கள் ஹாலில் குப்புறப் படுத்தார். யாழினி காலால் லேசாகத் தொட்டாள்.

"அப்படி இல்லடா கண்ணு... நல்லா ஓங்கி உதை!"

உதைத்தாள். டீப்பாயில் காபி டம்ளர் குலுங்கியது. சார் சட்டென்று எழுந்து, வலி போயே போச்சு என்றார். பயத்தில்கூடப் போயிருக்கலாம்.

யாழினி என் பக்கம் திரும்பினாள்.

"சாரை உதைக்க மட்டும் என் கால் நல்லா இருக்கு. கோ-கோ ஆடறதுக்கு வீக்கா?"

எக்ஸ்ரேக்களை நம்பாத நான், இந்தக் காலை நம்பித்தானே அவரை உள்ளே விட்டேன்! அவளுடைய பெல்ட்டை டாக்டர் எப்போதோ கழற்றிவிட்டார். நான்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஷூ மாட்டிக்கொண்டு பிராக்டிஸுக்குக் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை; தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். எதிர் பால்கனியிலிருந்து வழக்கமான குரல்.

"பார்த்து ஆடச் சொல்லுங்கம்மா... அந்தக் கால் நம்ம தெருவுக்கே வேணும்!"