சனிக்கிழமைச் சித்திர வகுப்பு

நான் வரைந்த படத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்பா டிராயிங் சாரின் முன்னால் நின்ற நிற்பு இன்றும் கண்ணில் இருக்கிறது. தோளில் கிடக்க வேண்டிய துண்டு அக்குளில் இருந்தது. பிள்ளையின் காய்ச்சலை வைத்தியரிடம் விவரிப்பவரைப்போல, "தூரத்தில நிக்குத மரம் சின்னதாத் தெரியும்னு இவளுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல சார்" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. நாஞ்சில் நாடு எந்த ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று பஸ்ஸிலும் சந்தையிலும் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம்.

கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலையாட்களுக்குத் தோட்டமே கொடுத்த லைன் வீட்டில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குப் புகைப்புரையில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு விறகுப் புகையில் உலர்த்துவது. அங்கிருந்து அவர் கொண்டுவரும் கரித்துண்டால் தரை, சுவர் என்று ஓர் இடத்தையும் விடாமல் வரைவேன். பால் வடியச் சிரட்டை கட்டிய மரங்கள் வரிசையாகப் போய், போகப்போகச் சிறுத்து, மலையில் கரைவதாக ஒரு பழைய தாளில் வரைந்திருந்தேன். அதைப் பார்த்த நாளிலிருந்து அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் எனக்குச் சித்திரம் சொல்லித்தர ஆள் தேடி மலையிறங்கினார். ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளை ஐந்தாம் வகுப்பு தாண்டட்டும் என்றார்கள். கடைப்பலகை எழுதுகிறவர், பெண்பிள்ளையை எப்படி ஏணியில் ஏற்றுவது என்று சிரித்தார். "பெட்டப்பிள்ள படம் வரச்சு என்ன ஆகப்போவுது? ஒங்களுக்கு வேற சோலி இல்லியா?" என்று அம்மா ஏசினாள். கடைசியில் தோட்டத்து மானேஜர்தான், வடசேரியில் இருந்த தன் மச்சினரிடம் அனுப்பினார். அவர்தான் அந்த டிராயிங் சார்.

முதல் சனிக்கிழமை சார் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இரண்டாவது வாரம் உள்ளே குழந்தை அழுதது. "கொஞ்சம் தொட்டில ஆட்டு மக்ளே" என்றார் சாரின் மனைவி. மூன்றாவது வாரம் நேரே தொட்டிலுக்குத்தான் போனேன். பிறகு அரிசியில் கல் பொறுக்குவது, பாத்திரம் துலக்குவது. சார் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. என் மகள் டிராயிங் படிக்கிறாள் என்று அவர் லைன் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். ஆகவே வாரத்தில் ஒரு நாள் நானாக எதையாவது வரைந்து, சார் சொல்லித்தந்தது என்று காட்டுவேன். அதை அவர் புகைப்புரைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுவார்.

ஐப்பசி மழை பெய்த ஒரு சனிக்கிழமை. என்னை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகும் அப்பா அன்று சீக்கிரமே திரும்பிவிட்டார். நான் புறவாசல் இறவாரத்தில் குந்தியிருந்து கரிபிடித்த பானையைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, பக்கத்துச் சந்தில், இடிந்த மதிலுக்கு அப்பால் குடையோடு அவர் நின்றார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதோ முன்வாசல் வழியாக உள்ளே வரப்போகிறார், சாரை நாலு கேள்வி கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். பயமும் சந்தோஷமுமாக இருந்தது. குடை மெல்ல மதிலுக்குப் பின்னால் நகர்ந்து மறைந்தது.

வழக்கமான நேரத்தில், வழக்கமான குரலில், "சார்" என்று கூப்பிட்டார். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். "எப்படி சார், படிக்குதாளா?" என்று கேட்டார். "கொள்ளாம், நல்ல கை" என்றார் சார். நான் கைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது அப்பா, "இன்னைக்கு சார் என்ன வரையச் சொன்னாரு?" என்றார்.

"மாம்பழம்."

"ம்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையும் என் தலையைச் சீவி, கையைப் பிடித்து அதே வாசலில் கொண்டுவிட்டார். அதற்கடுத்த வாரமும். மானேஜர் வேறு தோட்டத்துக்குப் போகும்வரை, மாசிவரை, நான் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கினேன். பிறகொரு நாள், "சாருக்கு நேரமில்லியாம் மக்ளே, இனி போகாண்டாம்" என்றார். அதற்குள் நான் வரைவதை விட்டிருந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கரித்துண்டு கொண்டுவருவதை அவரும் நிறுத்திவிட்டார்.

மானேஜரின் மச்சினரை எதிர்த்துப் பேசியிருந்தால் அந்த லைன் வீடு எங்களுக்கு இருந்திருக்காது. இருமிக்கொண்டிருந்த அம்மாவையும் கைக்குழந்தையாயிருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போயிருப்பார்? வளர்ந்த பிறகு இதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் புறவாசலில் சாம்பல் கையோடு காத்திருந்த பிள்ளைக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

அப்பா தம் கடைசி வருஷங்களில் என் வீட்டில் இருந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏதோ பேச்சுக்கு நடுவில், தட்டைப் பார்த்தபடியே, "அன்னைக்கு நான் உள்ள வந்திருக்கணும் மக்ளே" என்றார்.

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"என்னைக்கு அப்பா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கஞ்சியைக் குடித்தார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவரைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டேன் என்று பல காலம் நினைத்திருந்தேன். இப்போது அவர் இல்லை. தண்டிக்கத்தான் கேட்டேனோ என்று தோன்றுகிறது.