தலைக்கு மேல் ஒரு திருகாணி

படகுத்துறைப் பட்டறையில் அவருக்கு ‘மரை’ என்று பெயர். எந்தப் படகைக் கொண்டுவந்தாலும், கோளாறு இன்னது என்று சொந்தக்காரர் சொல்லி முடிப்பதற்குள் “மரை போச்சு” என்று விடுவார். பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். திருகாணி தானாகக் கெடுவது குறைவு. அது பற்றி நிற்கிற துளையின் மரை தேய்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல திருகாணியும் நாதியற்றுத் தொங்கும். இதை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். குடும்பத்தில்தான் கேட்க ஆளில்லை.

காரணம், சகலை. மனைவியின் அக்காள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு திருப்புளி இருக்கும். வீட்டில் நாலு பேர் கூடினால் யாருடைய கண்ணாடிக் காலாவது கழன்றுவிடும். அவரைக் கண்டதும்தான் கழல்கிறதோ என்று மரைக்கு ஒரு சந்தேகம் உண்டு. எறும்புத் தலை அளவுத் திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கொடுப்பார் சகலை. “பெரிய மாப்பிள்ளை கை பட்டா பட்டதுதான்” என்பார் மாமியார். “அத்தான்னா அத்தான்தான்” என்பாள் மரையின் மனைவி.

அந்த ‘அத்தான்’தான் குத்தும். கட்டிய கணவர் இவர்; கல்யாணமான நாளிலிருந்து இவருக்குக் கிடைத்துவருவதோ ‘ஏங்க’. தெருவில் குடையைத் தவறவிட்டுப் போகிற எவரையும் அப்படிக் கூப்பிடலாம். போதாததற்கு, நாளெல்லாம் திருகாணி முடுக்குகிறவர் சின்ன மாப்பிள்ளை, எப்போதாவது ஒன்றை முடுக்குகிறவர் பெரிய மாப்பிள்ளை. மூத்தவளைக் கட்டியதால் வந்த பெரிது அது என்பது மரைக்குத் தெரியும். தெரிந்து என்ன, காந்தல் குறையவில்லை.

இந்த நிலையில் சகலை ஒரு படகு வாங்கினார். பழைய பைபர் படகு. நாலைந்து பேர் குனிந்தபடி போய் உட்காரலாம் என்கிற அளவில் ஒரு கேபின். வாங்குவதற்கு முன் மரையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், கேட்காததற்கும் கோபித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சுற்று என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் கேபின் கூரையை மறைத்திருந்த ரெக்சின் பலகை, ஒருநாள் சகலையின் தலைமேல் இறங்கிவிட்டது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தியை மரை அளவான மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார்.

“ஏங்க, அத்தான் பாவம். போய் ஒரு பார்வை பாருங்களேன்.”

“ஏன், அந்தக் கண்ணாடித் திருப்புளி என்ன ஆச்சாம்?”

“பொறாமையக் கழட்டி இங்கயே வச்சிட்டுப் போங்க. யாரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க.”

போனார். கேபினுக்குள் மல்லாந்து படுத்துப் பார்த்தார். கூரையில் துளைகளெல்லாம் வாய் பிளந்து கிடந்தன. முன்னே வேலை பார்த்தவன் எவனோ, பிடிப்பு விட்டுப்போகப் போக இன்னும் தடித்த திருகாணியாகப் போட்டு முடுக்கியிருக்கிறான். மரமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பைபர் பொறுக்காது, நொறுங்கும். அதிலும் பாதி இரும்புத் திருகாணி. துரு வழிந்து ரெக்சினில் தேநீர் கொட்டியதுபோல் கறை.

அதையே தானும் செய்யலாம். இன்னும் தடித்ததாகப் போட்டுவிட்டால், கரையில் நிற்கிறவரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு அலை அடித்ததும், எல்லோரும் பார்த்திருக்க, பலகை மறுபடியும் பெரிய மாப்பிள்ளையின் தலையில் இறங்கும். அந்தக் காட்சியை மனதில் ஒருமுறை ஓடவிட்டார், நன்றாகவே இருந்தது. பக்கத்தில் தன் மனைவியும் உட்கார்ந்திருப்பாள் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. விழுந்தது மரை பார்த்த வேலை என்று ஊர் சொல்லும் என்பதும் வந்தது. எது முதலில் வந்தது என்று நாம் கேட்காமல் இருப்பது நல்லது.

ஆக, வேலை ஒழுங்காகவே நடந்தது. துளைகளைச் சுரண்டித் துடைத்தார். மரத்தூள் குழைத்த எபாக்ஸி பசையை அடைத்தார். அதில் ஒரு சொட்டு அவர் புருவத்திலேயே தங்கிவிட்டது. நன்றாக இறுகவிட்டு, புதுத் துளை போட்டார். துளை அலகில் ஒரு துண்டு டேப் சுற்றியிருந்தார். அதைத் தாண்டி உள்ளே போனால் அலகு மேல்தளத்தைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கும்.

பலகையை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். சனிக்கிழமை சகலையே வந்தார். ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பிபோல இருவரும் தோளோடு தோள் ஒட்டி மல்லாந்திருந்தார்கள். சகலை இரண்டு கையாலும் பலகையைத் தாங்க, மரை முடுக்கினார்.

“இன்னும் எவ்வளவு நேரம் சகலை?”

“நான் சொல்ற வரைக்கும்.”

“கை விட்டுப்போகுது.”

“இது மூக்குல உட்கார்ற சாமான் இல்ல. அழுத்திப் பிடிங்க.”

சகலை பிடித்தார். பிடித்துக்கொண்டே சொன்னார்: “உங்க வீட்டம்மா அவங்க அக்காகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அவர் கை வச்சா அப்புறம் அது அசையாதுக்கா’ன்னு. அதை எங்க வீட்ல நான் தினமும் கேட்கறேன். ஒரு ஆணி அடிக்க விடமாட்டேங்கறா.”

மரையின் கை நின்றது. இனித்தது. பாதித் திருகாணி முடுக்குவதற்குள் கசந்தும் போனது. தன் காதுக்கு வர வேண்டிய சொல், சுற்றிக்கொண்டு அக்காள் காதுக்கல்லவா போய்ச் சேர்ந்திருக்கிறது! இதுவரை சகலைமேல் மட்டும் இருந்த பொறாமையில் இப்போது மனைவியின் அக்காளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கவேண்டியதாயிற்று. அந்தச் சொல்லைத் தன் முன்னால், எல்லோரும் கேட்க, அவள் சொல்ல வேண்டும். ஆனால் அசையாத கூரையை யார் அண்ணாந்து பார்ப்பார்கள்?

சகலை கை கழுவப் போன சமயத்தில், மனைவி உட்காரப்போகும் இடத்துக்கு நேர் மேலே இருந்த ஒரு திருகாணியை மட்டும் தளர்த்திவிட்டார். சுற்றியுள்ளவை பலகையைத் தாங்கும். இது ஒன்று ஆடும். அவள் “ஏங்க, இது ஆடுது” என்பாள். இவர் எழுந்து, எல்லோர் முன்னாலும் முடுக்குவார். அதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை, துவைத்த சட்டைக்குள் ஒரு திருப்புளியும் வைத்துக்கொண்டார்.

படகு கிளம்பி, முதல் பெரிய அலை அடித்தது. திருகாணி ஆடிக் காட்டவில்லை. நேராக மனைவியின் மடியில் விழுந்தது.

“ஐயோ, என்னமோ விழுந்துச்சு!”

மரை சட்டைக்குள் கைவிட்டார். திருப்புளி உள்பையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் கண்ணாடிக் கடைக்காரர் திருகாணியை வாங்கி, துளையில் வைத்து, விரலாலேயே சுற்றிவிட்டார். துளையின் மரையை இவர் அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்ததால் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. கடைசிச் சுற்றுக்குச் சட்டைப் பையிலிருந்து அந்தச் சுண்டுவிரல் திருப்புளி.

“பெரிய மாப்பிள்ளை கை பட்டா பட்டதுதான்” என்றார் மாமியார்.

மரை சட்டைக்குள்ளிருந்து கையை வெறுமையாக எடுத்தார். நெஞ்சுவலியா என்று மனைவியின் அக்காள் கேட்டாள். இல்லை என்றார், அது முழு உண்மை அல்ல.

கரையைப் பார்க்க மற்றவர்கள் மேலே போனதும் மனைவி நகர்ந்து உட்கார்ந்தாள். ‘அத்தான்னா அத்தான்தான்’ என்று இன்று அவள் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்திருக்கவில்லை.

“ஏங்க, அது எப்படிக் கழண்டுச்சு?”

“அலை அடிச்சதுல்ல.”

“மத்ததெல்லாம் கழலலையே.” கூரையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். “நீங்க கை வச்சா அசையாது. எனக்குத் தெரியாதா? ஒண்ணு மட்டும் அசையுதுன்னா, அசையட்டும்னு நீங்களே விட்டு வச்சிருக்கீங்க. அதுவும் என் தலைக்கு மேல. மரை கழண்டது கூரைல இல்லைங்க.”

மரை புருவத்தில் ஒட்டியிருந்த பசையைச் சொறிந்தார்.

“என்ன சொன்ன?”

“மரை கழண்டு போச்சுன்னேன்.”

“அது இல்ல. அதுக்கு முன்னாடி.”