காலைக் கீழே வைத்தேன்!

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் எனக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், "இனி காலை ஊனி நடங்கம்மா" என்றார். துபாயில் வேலை பார்க்கும் என் கணவரோ தினமும் வீடியோ காலில், "காலைக் கீழ வைக்காத புள்ள, திரும்ப ஒடிஞ்சிரும்" என்று காவல் காத்தார். நானும் சுகமாகக் கட்டிலிலேயே கிடந்தேன்.

அடுத்த மாதம் எக்ஸ்ரே பார்த்த டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. முறிவு கூடியிருந்தது, ஆனால் சுற்றியிருந்த எலும்பு மெலிந்திருந்தது.

"எலும்புக்குள்ளயும் நரம்பு ஓடுதும்மா. பாரம் விழுந்தாத்தான் 'இங்க பலம் வேணும்'னு அது எலும்புக்குச் சேதி சொல்லும். நீங்க பாரமே குடுக்கலையே!"

உடனே கணவருக்குப் போன் போட்டு டாக்டர் கையில் கொடுத்துவிட்டேன். நான் வாங்கிய திட்டில் பாதியை அவரும் வாங்கட்டுமே!

இப்போது டாக்டர் சொன்ன அளவுக்கு நடக்கிறேன். போனைத் தரையில் சாய்த்து வைத்துவிடுவதால் வீடியோ காலில் என் முகம் தெரியாது, நடக்கிற கால் மட்டும்தான் தெரியும்.

நேற்று, "உங்க காலையும் காட்டுங்க மச்சான்" என்றேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர், முனகிக்கொண்டே எழுந்து நடந்தார்.

– ஒரு வாசகி, கீழக்கரை