நானூற்றுப் பதினெட்டாவது படம்

எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் தாளாளர் படம் நாலு பக்கத்துக்கு வரும். தாவரவியல் ஆய்வக உதவியாளர் கோமதித்தாயின் பெயர் பதினாறு வருடத்தில் ஒரு வரியில்கூட வந்ததில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அடுத்த அறையில் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். மதியம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம்.

கோமதிக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் வேல்ராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் நுண்ணோக்கிகள் ஒற்றைக் குழல் வைத்த பழைய சாமான்கள். மாணவிகள் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றுமே தெரியவில்லை என்று அழாத குறையாக நிற்பார்கள். கோமதி வந்து திருகை லேசாகத் தொடுவாள். தெரிந்துவிடும்.

இந்த வருடம் பேராசிரியை ஜாய்லின் மேடம் அலையாய் அலைந்து, நுண்ணோக்கியில் மாட்டுகிற கேமரா ஒன்றை வாங்கிவிட்டார். நித்தியகல்யாணிப் பூவின் மகரந்தத்தைச் சர்க்கரைக் கரைசலில் போட்டால், ஒவ்வொரு தூளும் முளைத்து மெல்லிய குழாய் விடும். இருபது விநாடிக்கு ஒரு படமாக நான்கு மணி நேரம் எடுத்து வேகமாக ஓட்டினால், அந்த வளர்ச்சி முழுவதையும் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் மாநிலக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

ஆய்வகத்தின் பின்சுவரை ஒட்டியே தறிக்கூடம், உள்ளே பதின்மூன்று தறி. அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது, கேமராவுக்குப் பழகவில்லை. மேஜையில் நம் கைக்குத் தெரியாத அதிர்வு, படத்தில் பூகம்பம் மாதிரி தெரிந்தது. கோமதி தெர்மோகோல் வைத்துப் பார்த்தாள். சைக்கிள் ட்யூபில் பாதிக் காற்றடித்து அதன்மேல் நுண்ணோக்கியை உட்கார வைத்தாள். எதற்கும் அசைவு நிற்கவில்லை. அந்தத் தறிக்கூடத்தில்தான் வேல்ராஜுக்கு வேலை.

"வீட்டுக்காரர் அங்கன நின்னு ஆட்டி விடுதாரு, நான் இங்கன நிறுத்தப் பாக்கேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. வேல்ராஜுக்கு அடுத்த தறியில் நின்ற ஆசிப்பின் வலது கண்ணில், நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக்கட்டை தறியிலிருந்து தெறித்து அடித்தது. கண் போய்விட்டது. கட்டுப் பிரித்து அவன் வேலைக்கு வந்த அன்று, "ஒத்தக் கண்ண வச்சு அறுந்த நூலைப் பாக்க முடியாதுப்பா" என்று முதலாளி திருப்பி அனுப்பினார். அவனை எடுக்கிற வரைக்கும் தறி ஓடாது என்று வேல்ராஜ்தான் முதலில் வெளியே வந்தார். மற்றப் பதினோரு பேரும் பின்னால் வந்தார்கள்.

கோமதி தறிக்கூட வாசலில் நின்று முதலாளியிடமே கேட்டாள்: "நான் பதினாறு வருசமா ஒத்தக் கண்ணாலதான் பாக்கேன் அண்ணாச்சி. கண்ணுக்கே தெரியாததெல்லாம் தெரியுது. உங்க நூலு தெரியாதாக்கும்?" அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

தறிக்கூடம் ஒன்பது நாள் ஊமையாகக் கிடந்தது; கோமதி கேமராவைத் தொடவே இல்லை. பத்தாம் நாள் வியாழக்கிழமை; மறுநாள் படம் அனுப்பக் கடைசி நாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஜாய்லின் மேடம் சொன்னதும் கோமதி என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள்.

"அவன் கண்ணு போனதுல நான் படம் எடுக்கணுமாக்கா? வெளங்குமா இது?"

"நீ எடுக்காம இருந்தா அவனுக்குக் கண்ணு வந்திருமாட்டி?" என்றேன். எனக்கு வாய் நீளம். இன்றைக்கும் அதற்காக வருந்துகிறேன்.

எடுத்தாள். கரைசல் காயாதபடி மேல்கண்ணாடியின் ஓரத்தில் வாஸ்லின் தடவினாள். குவியத்தைச் சரிபார்த்தாள். கேமரா தானாக வெளிச்சத்தை மாற்றாதபடி பூட்டிவிட்டு, சரியாக ஒன்பது மணிக்கு ஓடவிட்டாள். மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது நானும் எட்டிப் பார்த்தேன். திரையில் மகரந்தத் தூள்கள் ஆடாமல் அசையாமல் குழாய் விட்டுக்கொண்டிருந்தன.

பதினொன்று பத்தொன்பதுக்குத் திரை நடுங்கியது. பிறகுதான் சத்தம் எங்கள் காதுக்கு வந்தது. ஒரு தறி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் எல்லாமே.

ஜாய்லின் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். கோமதிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "படம் போனா போவுது மேடம்! ஆசிப்ப எடுத்துட்டாங்க!" என்று மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேல்ராஜுக்கு மூன்று முறை போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் கேட்காது என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

தறிக்கூடத்துக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் ஆசிப் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு உள்ள வராட்டா பன்னெண்டு பேரையும் நிறுத்திட்டு வெளியூர் ஆள எறக்கப் போறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு, மைனி. நாந்தான் அண்ணன் கால்ல விழாத குறையா, உள்ள போங்கன்னேன்" என்றான்.

கோமதி அவன் கையிலிருந்த ஆறின டீயை வாங்கி வைத்துவிட்டு, வேறு டீ போடச் சொன்னாள். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

திரும்பி வந்து, ஆடுகிற படத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். நிறுத்தச் சொல்லி மேடம் கேட்டும் நிறுத்தவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த நானூற்றுப் பதினேழு படங்களை மட்டும் மேடம் அனுப்பிவைத்தார். மிச்சத்தை அழித்துவிடச் சொன்னார்.

சாயங்காலம் நாங்கள் ஆய்வகத்தைப் பூட்டும்போது வேல்ராஜ் வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. கோமதியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உன் படம் எத்தன மணி வரைக்கும் நல்லா ஓடுச்சுட்டி?"

"பதினொண்ணு பத்தொன்பது."

அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"மொதத் தறிய நாந்தான் போட்டேன்" என்றார்.